தொலைந்த சாவியும் பழைய காரும்: வணிகர் அறிய வேண்டியவை



ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசியிலும் குற்றாலத்திலும் வியாபாரம் சூடு பிடிக்கும். சாவி போடுபவர்களுக்கும் அப்போதுதான் வேலை அதிகம். வேட்டி மடிப்பிலும் துண்டு முனையிலும் முடிந்து வைத்த சாவியை அருவியில் விட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறோம். கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. கார்ச் சாவி தொங்கும் அதே வளையத்தில்தான் கடை ஷட்டர், கிட்டங்கி, கல்லாப் பெட்டி எல்லாவற்றின் சாவியும் தொங்குகின்றன.

எங்களுக்கே நேர்ந்தது

எங்கள் மளிகைக் கடையில் தகப்பனார் காலத்து அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. ஓர் ஆடி மாதம் உறவினர்களை ஐந்தருவிக்கு அழைத்துப் போனோம். குளித்துவிட்டுத் திரும்பினால் சாவிக்கொத்தைக் காணவில்லை. டிக்கிக்குள் செங்கோட்டை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய ஏலக்காயும் வசூல் நோட்டும் இருந்தன. இருட்டிக்கொண்டு வந்தது. அவசரத்தில் கிடைத்த ஒரு மெக்கானிக்கை அழைத்தோம். அவர் கதவுப் பூட்டையும் இக்னிஷன் பூட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் அடித்துத் திருகி வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார்.

இதைவிடப் பெரிய தவறு மறுநாள் நடந்தது. துணிப்பையைச் சுமந்து வந்தவர் எங்கள் கடைப் பையன். மூன்று ஆண்டுகள் நாணயமாக வேலை பார்த்தவர். அவரைத் திருடன் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் "கல்லாப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டோம். அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. எட்டாம் நாள் ஊருக்குத் திரும்பிய உறவினரிடமிருந்து தகவல் வந்தது. ஈரத்துணி மூட்டையை அவிழ்த்தபோது சாவிக்கொத்து அதற்குள் இருந்ததாம்.

சாவி வந்து சேர்ந்தபோது அது பொருந்தும் பூட்டு இல்லை. பையனின் வீட்டுக்குப் போய் அவருடைய தாயார் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தோம். மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் அவர் அதற்குள் வேறு கடையில் சேர்ந்துவிட்டார். காரின் பூட்டைப் பணம் கொடுத்து மாற்றிவிட்டோம். அந்த ஆளை எங்களால் திரும்பப் பெற முடியவில்லை. நம் உறுப்பினர்கள் யாரும் அந்த நிலைக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பூட்டு இருந்தால் சாவி உண்டு

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்ததே அம்பாசிடர். 1950களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுபோனது. ஆகவே கம்பெனியிலிருந்து புதுப் பூட்டு வருமென்று காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் கவலைப்படவும் தேவையில்லை. இதுபோன்ற பழைய கார்களின் பூட்டு எளிய அமைப்புக் கொண்டது.

பூட்டுக்குள் ஓர் உருளை இருக்கும். அதில் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டிலும் சாவி நுழையும் துளை வெவ்வேறு உயரத்தில் இருக்கும். சிறு ஸ்பிரிங்குகள் தகடுகளை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவியைப் போட்டால் எல்லாத் தகடுகளும் உருளையின் மட்டத்துக்கு வந்துவிடும், உருளை திரும்பும். ஒரு தகடு நீட்டிக்கொண்டிருந்தாலும் திரும்பாது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை விளங்கும். பூட்டைச் சேதமில்லாமல் கழற்றிக் கொடுத்தால், தேர்ந்த சாவிக்காரர் தகடுகளைப் பார்த்தே வெற்றுச் சாவியை அரத்தால் அராவிப் புதுச் சாவி செய்துவிடுவார். கழற்ற முடியாத இடத்தில் வெற்றுச் சாவியை உள்ளே விட்டு மெல்லத் திருப்பி, அதில் விழும் தழும்புகளைப் பார்த்துச் சிறிது சிறிதாக அராவுவார். இரண்டுக்கும் பொறுமை வேண்டும். பூட்டை அடித்து உடைத்துவிட்டால் இரண்டு வழியும் அடைபட்டுவிடும்.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் எந்தக் கதவாவது பூட்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே போக முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கதவுப் பூட்டும் இக்னிஷனும் ஒரே சாவியில் திறக்கும் வண்டியாக இருந்தால், கதவுப் பூட்டை மட்டும் கழற்றிக் கொடுத்தால் போதும். டிக்கிக்குத் தனிச் சாவி இருந்தால், பின் சீட்டைக் கழற்றி அந்த வழியாக எட்ட முடியுமா என்று பார்க்கலாம்.

இக்னிஷன் பூட்டு கெட்டுப்போயிருந்தால், ஸ்டீயரிங் பூட்டு இல்லாத பழைய மாடல்களில் அது வெறும் மின்சார ஸ்விட்ச்தான். பாட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, ஒயர்கள் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு புது ஸ்விட்ச் போடலாம். அதன்பின் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று இரண்டு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பிரித்த வண்டியின் பூட்டு வாங்குவதானால் கதவுகள், டிக்கி, இக்னிஷன் ஆகியவற்றைச் சாவியோடு ஒரே வண்டியின் செட்டாகக் கேட்டு வாங்குவது நல்லது. தனித்தனியாக வாங்கினால் சாவிக்கொத்துதான் பெருக்கும். கழற்றிய பழைய பூட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் தகடும் ஸ்பிரிங்கும் பின்னால் உதவும்.

சாவிக்காரர் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டால் கோபப்படக்கூடாது. கேட்காமல் செய்து கொடுப்பவர், நம் வண்டிக்கு வேறு ஒருவருக்கும் கேட்காமல் செய்து கொடுப்பார்.

எண்ணும் நகலும்

பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் சாவியின் எண்ணைப் பூட்டின் முகத்திலேயே பொறித்திருந்தார்கள். எண்ணைச் சொன்னால் கடையில் சாவி கிடைக்கும். உரிமையாளருக்கு இருந்த அதே வசதி எட்டிப் பார்த்த திருடனுக்கும் இருந்தது. ஆகவே சாவியில் எண் இருந்தால் வீட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறர் கண்ணில் படும்படி விடாதீர்கள். சாவி வளையத்தில் கடைப் பெயர் எழுதிய அட்டையும் வேண்டாம். கண்டெடுப்பவருக்கு அது வழிகாட்டிப் பலகை.

நகல் எடுக்கும்போது தினமும் புழங்கித் தேய்ந்த சாவியைக் கொடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். அதிகம் புழங்காத சாவியைக் கொடுத்தே எடுக்க வேண்டும்.

சாரல் காலத்தில் பூட்டு இறுகினால் தேங்காயெண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மளிகைக் கடையில் மாவும் மிளகாய்த்தூளும் அந்த எண்ணெயில் ஒட்டிப் பிசினாகிவிடும். பென்சில் ஊசியைப் பொடித்த கிராபைட் தூள் இதைவிட நல்லது.

புதுக் கார் வைத்திருப்பவர்கள் இது தங்களுக்கில்லை என்று எண்ண வேண்டாம். சிப் வைத்த சாவியை அரத்தால் மட்டும் செய்துவிட முடியாது. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்தாக வேண்டும். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பொதுவாக எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். எனவே சாவி தொலைந்தவுடன் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது பெறுவது பாதுகாப்பு.

கடைப் பூட்டு

கொத்தோடு தொலைந்தால் அன்றிரவே கடைப் பூட்டையும் கிட்டங்கிப் பூட்டையும் மாற்றிவிட வேண்டும். சாவி கிடைத்துவிடும் என்று காத்திருப்பது வீண் துணிச்சல். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நமக்கு அருகிலேயே கிடைக்கிறது. கைவேலைப் பூட்டில் சாவியைப் பூட்டுக்கென்றே செய்வதால் நம்பி வாங்கலாம். எந்த ஊர்ப் பூட்டானாலும் லீவர் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குங்கள். பூட்டு பலமாக இருந்து கொண்டி துருப்பிடித்திருந்தால் பயனில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

உறுப்பினர்கள் சீசனுக்கு முன் செய்ய வேண்டியவை:

1. கார்ச் சாவியையும் கடைச் சாவியையும் வேறு வேறு வளையத்தில் போடவும்.

2. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுச் சாவி வீட்டில் இருக்கட்டும். அது பூட்டைத் திறக்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்க்கவும்.

3. எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்குப் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கவும். முதலாளியின் கையில் உள்ளதையும் அதில் எழுதவும்.

4. அருவிக்குப் போகும்போது சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பதைச் சொல்லிக் கொடுக்கவும்.

5. தொலைந்தால் முதலில் நம் மடியையும் மூட்டையையும் பார்க்கவும். அதன் பிறகே பிறரைக் கேட்கவும்.

அந்தப் பேரேட்டுப் பக்கம் அன்று எங்களிடம் இருந்திருந்தால், சாவியைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் நாங்களே என்பது தெரிந்திருக்கும்.