விபத்துக் களத்துக்கு முதன்முறை போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

விமான விபத்துப் புலனாய்வில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. கல்வராயன் மலையில் பனி இறங்கினால் வெள்ளிமலைப் பாதையில் அடுத்த வளைவே தெரியாது என்பது உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பனிமூட்டத்தில் நடந்த ஒரு விபத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

2015 டிசம்பர் 22. எல்லைப் பாதுகாப்புப் படையின் கிங் ஏர் பி-200 என்ற இரட்டை எஞ்சின் சிறுவிமானம் டெல்லியிலிருந்து ராஞ்சிக்குக் கிளம்பியது. எழும்பிய சற்று நேரத்திலேயே இடப்பக்கம் சாய்ந்து திரும்பி, துவாரகா அருகே விழுந்தது. இருந்த 10 பேரும் இறந்தார்கள். விமானம் பழையது என்ற பேச்சு உடனே கிளம்பியது. விசாரணைக் குழு கண்டது வேறு. போதிய உயரம் எட்டும் முன்பே ஆட்டோபைலட் இயக்கப்பட்டிருந்தது. போக வேண்டிய திசையைப் பிடித்துவைக்கும் ‘ஹெடிங்’ முறை தேர்ந்தெடுக்கப்படவில்லை. இடச்சாய்வு கூடிக்கொண்டே போனது. அதைத் திருத்தவும் இல்லை.

இதைப் படித்ததும் ‘விமானியின் தவறு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம் என்று தோன்றும். மூடாதே. தொடுவானம் மறைந்த நேரத்தில் மெல்லக் கூடும் சாய்வை உட்செவி உணர்வதில்லை; நேராகப் போவதாகவே உடம்பு நம்பும். கருவிதான் உண்மையைச் சொல்லும். அப்படியானால், ஆட்டோபைலட் பொத்தானை அழுத்தும் முன் எதைச் சரிபார்க்கப் பழக்கியிருந்தார்கள்? விமானிகள் இருவரில் யார் கருவியைப் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டார்களா? இறந்தவரின் தவறை இனி யாராலும் திருத்த முடியாது. பயிற்சியைத் திருத்தலாம், விதியைத் திருத்தலாம்.

களத்தில் முதலில் நாலு மூலையைத் தேடு: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள். நாலும் ஓரிடத்தில் கிடந்தால் விமானம் வானத்திலேயே உடையவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அடுத்து புரொப்பெல்லர். பிளேடுகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு, குறுக்கே கீறல் விழுந்து கிடந்தால், மோதிய நொடியில் எஞ்சின் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்று மட்டும் பின்னால் மடங்கி, மற்றவை நேராக இருந்தால் எஞ்சினைச் சந்தேகப்படு. பழைய வகை எச்சரிக்கை பல்பு கிடைத்தால் பத்திரப்படுத்து. எரிந்துகொண்டிருந்த இழை மோதலில் நீண்டு சுருள் குலைந்திருக்கும். அணைந்திருந்தது சுருள் மாறாமல் ஒடிந்திருக்கும்.

நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்புக் கொல்லையில் ஒரு விமானம் விழுந்ததாக வைத்துக்கொள். இடமும் வலமும் கரும்பு எந்த உயரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அளந்தால் இறக்கை எவ்வளவு சாய்ந்திருந்தது என்று தெரியும். ஊர் கூடி மிதித்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். ஆகவே உடனே அளந்து படமெடு. நேரில் பார்த்தவர்களிடம் “புகை வந்ததா?” என்று கேட்காதே, நீ கேட்ட புகை அவர் நினைவிலும் ஏறிவிடும். அன்று நின்ற இடத்திலேயே அவரை நிற்கவைத்து, “எந்தப் பக்கம் போச்சுன்னு கையால காட்டுங்கய்யா” என்று மட்டும் கேள்.

உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருக்கிறது. ஒருமுறை அங்கே போய், ஒற்றை எஞ்சின் விமானம் எழும்பியதும் எஞ்சின் நின்றுவிட்டதாக நினைத்துப் பார். முன்னால் தெரியும் நிலத்தில் இறக்குவதுதான் பிழைக்கும் வழி. ஓடுதளத்துக்கே திரும்ப மனம் தவிக்கும். ஆனால் தாழ்வான உயரத்தில் திரும்பும்போது வேகம் குறைந்தால், இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் குப்புற விழும். அந்தச் சில நொடிகளை உணராமல் யாரையும் எடைபோடாதே.

சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது என்கிறது. பழி சுமத்துவது அதன் வேலையல்ல. குற்றத்தை விசாரிக்கக் காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. நீ காரணத்தைத் தேடு தம்பி. அடுத்த விமானத்தில் திருத்தக்கூடிய ஒன்று கிடைக்கும்வரை தேடு.

அன்புடன்,
அண்ணன்