மெயினை அணைத்தாலும் அணையாதது

அன்புள்ள தம்பிக்கு,

அம்பத்தூர் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருக்கிறாய். மகிழ்ச்சி. உனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், மெயினை அணைத்துவிட்டுக் கை வை என்பது. பேட்டரியிடம் அது செல்லாது. சார்ஜரை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கினாலும் டெர்மினலில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். ஸ்பானர் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே விழுந்தால் பாயும் கரண்ட் இரும்பையே உருக்கிவிடும். மோதிரம், வாட்ச், கைக்காப்பு எதுவும் வேண்டாம். ஸ்பானர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்று. லாரி, கார் பேட்டரியென்றால் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

அடுத்தது வாயு. சார்ஜ் முடியும் தறுவாயில் செல்லுக்குள் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். அது லேசான வாயு, கூரையடியில் போய்த் தங்கும். உன் சார்ஜிங் ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் எந்த உயரத்தில் இருக்கிறது என்று இன்றே அண்ணாந்து பார். இடுப்பளவில் மாட்டியிருந்தால் மேலே தேங்கும் வாயுவை அது இழுக்காது. சார்ஜர் ஓடும்போது பிளக்கைப் பிடுங்காதே. முதலில் சார்ஜரை நிறுத்து.

இனி ஆசிட்டின் ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். உன் வேலையின் கண் அதுதான். 48 வோல்ட் பேட்டரியில் 24 செல். ஒவ்வொன்றிலும் ஆசிட்டை உறிஞ்சி, மிதவை கண்ணாடியில் ஒட்டாமல் நிற்கிறதா என்று பார்த்து, கண்மட்டத்தில் வைத்துப் படி. முழு சார்ஜில் 1.280 காட்ட வேண்டிய பேட்டரியில் இருபத்து மூன்று செல் சரியாக இருந்து ஒன்று மட்டும் 1.190 காட்டினால், கோளாறு அந்த ஒன்றில். பேட்டரி மொத்தத்தையும் குறை சொல்லாதே. நம் சித்திரை வெயிலில் ஆசிட் 37 டிகிரி இருந்தால், 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டிக்கொள், 1.230 என்றால் உண்மையில் 1.237. தண்ணீர் விட்ட கையோடு அளந்தால் கணக்குப் பொய்யாகும், விட்ட தண்ணீர் ஆசிட்டில் கலக்காமல் மேலாகவே நிற்கும். நோட்டில் செல் வாரியாக எழுது. தேதி எழுதாத அளவு வீண்.

தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீர் கூடவே கூடாது. தகடுகள் மூழ்கியிருந்தால், சார்ஜ் முடிந்த பிறகே விடு. முன்கூட்டியே நிரப்பினால் பொங்கி வழியும். அளவு குறைந்த செல்லில் ஆசிட் ஊற்றித் தேற்ற நினைக்காதே, தகடு அரிக்கும். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைக் காற்றடித்து ஊதாதே. ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடை. ஒரு சொட்டும் செல்லுக்குள் போகக் கூடாது. கண்ணாடி, ரப்பர் கையுறை, ஏப்ரன் இல்லாமல் மூடியைத் திறக்காதே. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போ.

எனக்கு மிகவும் கவலை தருவது ஈயம். அது வலிக்காது, எரியாது. உடுப்பில் ஒட்டிக்கொண்டு உன்னோடு வீட்டுக்கு வந்து குழந்தையின் உடலில் சேரும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். டீ குடிக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. வேலை உடுப்பை ஆலையிலேயே மாற்று, வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதே. செத்த பேட்டரியை உடைத்து ஈயத்தை விற்கலாம் என்று யாராவது வந்தால் விரட்டிவிடு. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்த வாரமே உன் சூப்பர்வைசரிடம் மூன்றைக் கேள்: கண் கழுவும் குழாய், உயரத்தில் எக்ஸாஸ்ட், வருடாந்திர இரத்த ஈயப் பரிசோதனை. வாயால் கேட்டு நடக்காவிட்டால் எழுதிக் கொடு, ஒரு நகலை உன்னிடம் வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்