தகட்டின் தடிப்பை நிறையால் அறிதல்

நெல்லையும் விதைத் தானியங்களையும் எலியினின்றும் ஈரத்தினின்றும் காப்பதற்கு இரும்புத் தகட்டாற் செய்த குதிர் ஏற்றது என்பது குடியானவர்கள் அறிந்ததே. ஆனால் குதிரின் உறுதி தகட்டின் தடிப்பைப் பொறுத்தது. தகடு மெல்லியதாயின், தானியத்தின் பாரத்தால் பக்கங்கள் புடைத்துப் பொருத்துவாய்கள் விட்டுப்போகும். 0.80 மில்லிமீட்டர் தகட்டிற்கும் 0.60 மில்லிமீட்டர் தகட்டிற்கும் உள்ள பேதம் கண்ணுக்குப் புலப்படுவது அரிது; சாதாரண அளவுகோலும் இதற்கு உதவாது. எனினும் தராசும் அளவு நாடாவும் இருந்தால் தடிப்பைச் சுலபமாகக் கணக்கிடலாம்.

இதன் தத்துவம் வருமாறு: ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பொருளின் கன அளவு ஒரு லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம். இரும்புத் தகடு தண்ணீரைவிட 7.85 மடங்கு அடர்த்தியுள்ளது. ஆகவே ஒரு மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோகிராம் நிறுக்கும். தகட்டின் நிறையைப் பரப்பால் வகுத்து, வந்த ஈவை 7.85-ஆல் வகுத்தால், தடிப்பு மில்லிமீட்டரில் கிடைக்கும்.

உதாரணம்: 2.40 மீட்டர் நீளமும் 1.20 மீட்டர் அகலமும் உள்ள தகடு ஒன்றை 0.80 மில்லிமீட்டர் என்று வியாபாரி விற்கிறார். நிறுத்ததில் 13.6 கிலோகிராம் இருக்கிறது. பரப்பு 2.88 சதுர மீட்டர். 13.6-ஐ 2.88-ஆல் வகுக்க 4.72, அதனை 7.85-ஆல் வகுக்க 0.60. சொன்ன தடிப்பு உண்மையாயின் தகடு சுமார் 18 கிலோகிராம் நிறுத்திருக்க வேண்டும். தகட்டு எண்ணிக்கைக்கு விலை கொடுத்தவருக்கு நாலில் ஒரு பங்கு இரும்பு நஷ்டம். நிறைக்கு விலை கொடுத்தவருக்குப் பண நஷ்டம் இல்லையெனினும், குதிரின் உறுதி குறைந்ததே.

கவனிக்கவேண்டியவை:

1. நெளித்தகட்டின் அகலத்தை நேராக அளத்தல் கூடாது. நெளிவுகளின் மேல் நூலைப் படிய வைத்து, அந்நூலை அளக்க வேண்டும். இல்லையேல் பரப்பு குறைந்து, தடிப்பு மிகுதியாகத் தோன்றும்.

2. ஒரே அளவுள்ள ஐந்தாறு தகடுகளைச் சேர்த்து நிறுத்து, எண்ணிக்கையால் வகுத்தால், தராசின் சிறு பிழை குறையும். ஈரமும் மண்ணும் துடைத்தபின் நிறுக்க.

3. துத்தநாகம் பூசிய தகட்டிற்கும் 7.85 என்றே கொள்ளலாம். துத்தநாகத்தின் அடர்த்தி 7.14 ஆதலாலும் பூச்சு மிக மெல்லியதாதலாலும் பிழை சொற்பமே. அலுமினியத் தகட்டிற்கு 2.70-ஆல் வகுக்க வேண்டும்.

4. கேஜ் எண்ணை மட்டும் நம்பலாகாது. எண் ஏறத் தடிப்பு குறையும். அன்றியும் 22 கேஜ் என்பது ஆங்கிலேய முறையில் 0.711 மில்லிமீட்டர், துத்தநாகத் தகட்டிற்கான அமெரிக்க முறையில் 0.853 மில்லிமீட்டர்.

ஆகையால் தகடு வாங்குவோர் தடிப்பை மில்லிமீட்டரில் பட்டியலில் எழுதி வாங்குவதும், பொதுக் களஞ்சியங்களுக்குத் தகடு பெறும் கிராம உத்தியோகஸ்தர்கள் பணம் கொடுக்குமுன் நிறுத்துப் பார்ப்பதும் நலம்.