இடக்கைப் பேரனும் விளையாட்டு மவுஸும்

கணினி விளையாட்டுக்கென்று ஒரு மவுஸ் வேண்டுமென்றான் பேரன். அவன் இடக்கைக்காரன். கடையில் லாஜிடெக் ஜி502 ஹீரோவைக் காட்டினார்கள். 11 பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் நாம் விரும்பும் வேலையைக் கொடுக்கலாம். தலா 3.6 கிராம் எடைத் துண்டுகள் ஐந்தைச் செருகிக் கனத்தையும் கூட்டலாம். ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு அந்தத் துண்டுகள் மிகவும் பிடித்துவிட்டன!

பேரன் இடக்கையை வைத்ததும்தான் விஷயம் புரிந்தது. அது வலக்கைக்கென்றே செய்தது. கட்டைவிரல் பள்ளமும் பக்கப் பொத்தான்களும் இடப்புறத்தில். அவன் கட்டைவிரலோ வலப்புறத்தில். மென்பொருளால் பொத்தானின் வேலையை மாற்றலாம், வார்ப்பை மாற்ற முடியாது.

"வலக்கையில் பழகிக்கொள்கிறேன் தாத்தா" என்றான். சிறுவயதில், இடக்கையால் எழுதாதே என்று அவனை அதட்டியவன் நான்தான். இம்முறை சம்மதிக்கவில்லை.

அன்பர்களே, டி.பி.ஐ. எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 800 என்றால், மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது கணினிக்கு 800 எண்ணிக்கை போகிறது, அவ்வளவே. முதலில் கையை வைத்துப் பாருங்கள். இடக்கைக்காரர்கள், இருபுறமும் ஒரே வடிவமாக, வலப்புறத்திலும் பொத்தான் உள்ளதாகக் கேளுங்கள். 2018இல் வந்த ஜி புரோ வயர்லெஸ் அப்படிப்பட்டது. பக்கப் பொத்தான்களை எந்தப் புறமும் கழற்றி மாட்டலாம். மூன்றாவது கடையில் எங்களுக்கு ஒன்று கிடைத்தது.