காதில் விழுவதும் காது கொடுப்பதும்



ஆண்டு மலரில் ஆங்கிலப் பாடம் எழுத இவனுக்கென்ன தகுதி என்று நினைப்பீர்கள். ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தவன் என்பதுதான் என் தகுதி.

சில மாதங்களுக்கு முன் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. அதிகாரி கேட்ட கேள்வி சரியாகக் கேட்கவில்லை. "கேட்கலை சார்" என்பதை மனசுக்குள் மொழிபெயர்த்து, "ஐ டிட் நாட் லிஸன், சார்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. தேர்வானவர் பட்டியலில் என் பெயர் இல்லை. அந்தச் சொல்தான் காரணமா, தெரியாது. ஆனால் நான் சொன்னதன் பொருள் பிறகுதான் புரிந்தது: 'நீங்கள் பேசியதை நான் கவனிக்கவே இல்லை!'

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். "காதுல விழலைன்னு சொல்ல வேண்டியதுதானேப்பா" என்றார். பாடம் முழுக்க அதில் அடங்கியிருந்தது.

தமிழில் 'கேள்' என்ற ஒரே வினை மூன்று வேலை பார்க்கிறது. எங்கள் வீட்டுக் காலைப் பொழுதையே பாருங்கள்.

1. தூரத்தில் பம்புசெட் சத்தம் கேட்கிறது. இது தானாகக் காதில் விழுவது. ஆங்கிலத்தில் 'ஹியர்'.

2. அப்பா ரேடியோவில் மேட்டூர் நீர்மட்டம் கேட்கிறார். 120 அடி அணையில் எத்தனை அடி நிற்கிறது என்று தெரிந்தால்தான் குறுவை போடலாமா, சம்பா மட்டும்தானா என்று முடிவெடுக்க முடியும். இது காது கொடுத்துக் கேட்பது. 'லிஸன்'.

3. பிறகு லஸ்கரிடம், "வாய்க்கால்ல தண்ணி எப்ப வரும்?" என்று கேட்கிறார். இது வாய் திறந்து கேட்பது. 'ஆஸ்க்'.

எது எதுவென்று சந்தேகம் வந்தால் அப்பா சொன்னபடி மாற்றிப் பாருங்கள். 'காதில் விழுந்தது' பொருந்தினால் ஹியர். 'காது கொடுத்தேன்' பொருந்தினால் லிஸன். 'அவரிடம்' என்று ஆள் வந்தால் பெரும்பாலும் ஆஸ்க்.

கவனிக்க வேண்டியவை:

லிஸன் என்பதற்குப் பின் 'டு' வரும்: 'ஐ லிஸன் டு த ரேடியோ'. ஆஸ்க்குக்கு அது வேண்டாம்: 'ஆஸ்க் ஹிம்' போதும். 'ஐ ஆம் ஹியரிங் யூ' என்பதைவிட 'ஐ கேன் ஹியர் யூ' என்பதே வழக்கம். அதன் இறந்தகாலம் 'ஹியர்டு' அல்ல, 'ஹெர்ட்'. 'கேள்விப்பட்டேன்' என்பதற்கு 'ஐ ஹெர்ட் அபௌட் இட்'.

நம் ஒர்க்‌ஷாப்பில் ஸ்க்ரூடிரைவரை பேரிங் மேல் வைத்து மறுமுனையில் காதை வைப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்: 'ஐ லிஸன்ட் டு த பேரிங், பட் ஐ ஹெர்ட் நத்திங்'. காது கொடுத்தேன், ஒன்றும் விழவில்லை. இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் பிரிந்து நிற்கின்றன.

இதனால் தமிழில் குறை என்று எண்ண வேண்டாம். கன்னடத்தின் 'கேளு'வும் இப்படித்தான். திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி'; அங்கே கேள்வி என்றால் வினா அல்ல, பிறர் சொல்லக் கேட்டு அறிவு பெறுவது. துருக்கி மொழியிலோ காதில் விழுவதற்கும் காது கொடுப்பதற்கும் தனித்தனி வினைகள் உண்டு. அவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழ மாட்டார்கள். நாம் கொஞ்சம் பார்த்து நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த தம்பி, தங்கைகளே! நாளை தேர்வறையில் மின்விசிறி கடகடத்தால் பயந்து தலையாட்டி விடாதீர்கள். "சாரி சார், ஐ குட் நாட் ஹியர் யூ" என்று தைரியமாகச் சொல்லுங்கள். காதில் விழாதது குற்றமில்லை. விழுந்த மாதிரி நடிப்பதுதான் நம்மைக் கவிழ்க்கும்.

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)