அட்வான்ஸ் கொடுக்கும் முன் போனை எடுங்க!

விழுப்புரம் மாவட்டம் பொம்மையார்பாளையத்தில், கடலோரமாக ஒரு ஃபிளாட் வாங்க ஆசையா? முதல்ல ரெரா பதிவு எண்ணைக் கேளுங்க.

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் எட்டு வீட்டுக்கு மேல் கட்டினால், பதிவு செய்யாமல் விளம்பரம்கூடப் போடக் கூடாது. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் எண்ணை நீங்களே சரிபார்க்கலாம்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்க முடியாது. 40 லட்ச ரூபாய் வீடு என்றால் 4 லட்சம்தான்.

உப்புக்காற்று அடிக்கிற ஊர். கம்பி துருப்பிடித்தால் தூணில் விரிசல் விடும். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிஞ்சா பில்டரிடம் எழுத்துமூலம் சொல்லுங்க. 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தரணும். தரலைன்னா, இழப்பீடு கேட்பது உங்க உரிமை.