தாத்தாவின் சவரக்கத்தி

கேள்வி: தாத்தா வைத்திருந்த மடக்குச் சவரக்கத்தி கிடைத்தது. அடிப்பகுதியில் ‘ஷெஃபீல்ட், இங்கிலாந்து’ என்று பொறித்திருக்கிறது. ஆமையோடு மாதிரிப் பழுப்புப் பிடி. தகடு கறுத்து, அங்கங்கே துரு. பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் பளபளவென்று ஆகிவிடும் என்கிறார் பட்டறைக்காரர். கொடுக்கலாமா? அதில் சவரம் செய்ய முடியுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். இந்தக் கத்திகளின் இரு பக்கமும் குழிவாகக் கடையப்பட்டு, வாய்ப் பக்கம் தாளாக மெலிந்திருக்கும். சக்கரத்தின் சூடு அங்கேதான் முதலில் ஏறும். 200 டிகிரியைத் தாண்டினால் இரும்பின் பதம் இறங்கத் தொடங்கும். நீலம் பாய்ந்துவிட்டால் அந்த வாய் பிறகு கூர் நிற்காது. பொறித்த எழுத்தும் மழுங்கிவிடும். அந்த எழுத்துதான் கத்தியின் ஜாதகம். நாட்டின் பெயர் இல்லாத பொருளை அமெரிக்கா 1891 முதல் இறக்குமதி செய்ய விடவில்லை. ஆகவே ‘இங்கிலாந்து’ என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய கத்தி.

முதலில் பிடியைப் பாருங்கள். கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வருகிறதா? அப்படியானால் செல்லுலாய்டு. எளிதில் தீப்பற்றும். நாள்பட நைந்து, அமில வாயுவைக் கக்கி, தகட்டையே அரித்துவிடும். பிடிக்குள் மடங்கும் பகுதியில் மட்டும் துரு அதிகமென்றால் குற்றவாளி பிடிதான். ரிவிட் தலையை அரத்தால் ராவி, பிடியைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். கொம்பில் புதுப்பிடி போடலாம்.

தகட்டை ஒரு மரக்கட்டைமேல் படுக்கவைத்து, வாயை டேப்பால் மூடுங்கள். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, வாட்டர் பேப்பரால் நீளவாக்கில் தேயுங்கள்; விரல் வாய்ப்பக்கம் போகக் கூடாது. 600-ல் தொடங்கி 1000, 2000 என்று ஏறுங்கள். முந்தைய தாளின் கீறல் முழுதும் மறையும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். பொறுமை இங்கேதான் வேண்டும். செந்துரு போக வேண்டும். கருமை இருந்துவிட்டுப் போகட்டும். அது இரும்பைத் தின்னாது, வயதுக்குரிய நிறம். ஆழக் குழிகளைச் சமன்செய்யப் போனால் தகடுதான் கரையும். முதுகைத் தேய்க்கவே வேண்டாம். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்தால்தான் கோணம் சரியாக அமையும்.

சவரத்துக்கு ஆகுமா என்பதைப் பூதக்கண்ணாடி சொல்லிவிடும். துருக்குழி வாயின் ஓரத்தைத் தொட்டிருந்தால் அங்கே பொடிந்து, தோலைக் கிழிக்கும், அலமாரியில் வையுங்கள். ஓரம் சுத்தமாக இருந்தால் 1000 கல்லில் வாய் கட்டி, 4000, 8000, 12000 என்று தீட்டலாம். கல்லில் வாய் முன்னே போகும். தோல்வாரில் முதுகு முன்னே போகும். மாறினால் வார் வெட்டுப்படும். முதல் தீட்டலை மட்டும் பழகிய கையிடம் கொடுப்பது நல்லது.